முழு முயற்சி இல்லை

இசக்கியம்மாள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். ஆய்வகத்துக்குள் செருப்போடு வரலாம் என்று பலமுறை சொல்லிப் பார்த்தாயிற்று. கேட்க மாட்டாள். ஓடுகிற ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, ட்ரெட்மில்லுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் மாட்டுவாள்.

காலை ஏழு மணி. ஏசி இரைந்துகொண்டிருந்தது. ஸ்பிரிட் வாடையும், டெட்டாலில் ஊறவைத்த ரப்பர் முகமூடியின் வாடையும் கலந்து அடித்தது. வெளியே பெஞ்சில் இன்னும் ஐந்து பெண்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். நான் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். எத்தனை மணி நேரம் தூங்கினாய், சளி காய்ச்சல் உண்டா, முழங்காலில் வலி உண்டா.

நான்காவது கேள்வி சாப்பாடு.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு மேடம்."

டிக் போட்டேன்.

மார்பில் நாடித்துடிப்பை அளக்கிற பட்டையைக் கட்டி, மூச்சுக் காற்றைப் பிடிக்கிற முகமூடியை மாட்டி, ஆய்வக உதவியாளர் முத்தையா அண்ணாச்சி எந்திரத்தை ஓட விட்டார். ஒவ்வொரு நிமிடமும் வேகம் கூடும். முகமூடி போட்டவர்களால் பேச முடியாது என்பதால், எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று எண் போட்ட ஓர் அட்டையை அண்ணாச்சி முகத்துக்கு நேரே பிடிப்பார். விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். இசக்கி எட்டாவது நிமிடத்திலேயே அட்டையின் அடிப்பக்கத்தைத் தொட்டாள். 'மிக மிகக் கஷ்டம்' என்று எழுதியிருந்த இடம் அது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் குதித்துவிட்டாள். மைதானத்தில் எண்ணூறு மீட்டரில் ஆண்பிள்ளைகளுக்கே சவால் விடுகிறவள். அந்த ஓட்டத்துக்குப் பதினாறு நிமிடமாவது தாங்க வேண்டும். உதடு வெளுத்திருந்தது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தேன். லாக்டேட் குறைவு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேகமாக ஓடும்போது தசை சர்க்கரையை எரிக்கிறது. அதன் விளைவாக லாக்டேட் என்கிற பொருள் ரத்தத்தில் சேர்கிறது. உயிரைக் கொடுத்து ஓடியவருக்கு அது எகிறியே தீரும். எகிறவில்லை என்றால் முழு மூச்சாக ஓடவில்லை என்று பொருள். எங்கள் பாடப் புத்தகம் அப்படித்தான் சொன்னது. நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

படிவத்தின் கடைசி வரியில், நல்ல கையெழுத்தில், 'முழு முயற்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜெயித்த கதை

சென்ற வாரம் இந்தத் தொடரில், பட்ட மேற்படிப்பு முடித்து ஊர் திரும்பியதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, 'உங்கள் ஆராய்ச்சியில் தோற்றுப்போன அனுபவம் ஏதும் இல்லையா, எல்லாம் ஏறுமுகமாகவே இருக்கிறதே' என்று கடிதம் போட்டிருக்கிறார். கேள்வியில் கொஞ்சம் குத்தல் இருக்கிறது. தப்பில்லை.

தோற்றுப்போனவை நிறைய உண்டு அம்மா. அவற்றைச் சொல்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, சொன்னால் பெருந்தன்மை என்றுகூடப் பேர் கிடைக்கும். ஜெயித்தது ஒன்று இருக்கிறது. அதைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மின்சாரம் வைத்த நேரம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் நான் சேர்ந்தபோது உடற்கல்வித் துறையில் பெண் என்று நான் ஒருத்திதான். உடலியல் என்றால் கரும்பலகையில் இதயத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிப்பது என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். அளக்க வேண்டும், ஓடவிட்டு அளக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, "மேடத்துக்கு மெஷின் ஆசை வந்துட்டு" என்று சிரித்தார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு காலத்தில் ஆற்றுப் பாசனத்தில் வயல் வைத்திருந்த குடும்பம். வயல் போனபின் படிப்பை நம்பிய குடும்பம். பெண்பிள்ளை பேராசிரியர் என்றால் தமிழோ கணக்கோ சொல்லித்தர வேண்டும். ஓடுகிறவர்களின் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாளே என்று அப்பாவுக்கு வருத்தம்.

கடைசியில் ஓர் அறை கிடைத்தது. உடைந்த தாண்டு கம்புகளையும் காற்றுப் போன பந்துகளையும் போட்டு வைத்திருந்த அறை. திட்ட உதவியில் ட்ரெட்மில் வந்தது, மூச்சுக் காற்றை ஆராய்கிற எந்திரம் வந்தது. வந்த பிறகுதான் அறைக்கு வருகிற மின்சாரம் பற்றாது என்று தெரிந்தது. அலுவலகக் கட்டடத்தில் ஃபேனும் ஏசியும் ஓட ஆரம்பித்துவிட்டால் எங்கள் ட்ரெட்மில் முனகும், திடீரென்று நிற்கும். ஓடுகிறவள் முன்னால் போய் விழுவாள்.

அதனால் சோதனையைக் காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் முடிப்பது என்று வைத்துக்கொண்டோம். எப்போது கரண்டு போகும் என்று தெரியாது. ஆகவே ஆறு பெண்களும் ஏழு மணிக்கே வந்து காத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். வாரத்தில் இரண்டு நாள். ஒருத்திகூட ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. அதைப் பற்றி எனக்கு ஒரே பெருமை.

கிராமத்து உடம்பு

இரண்டு வருஷம் அளந்தேன். அளக்க அளக்க ஒரு விசித்திரம் தெரிந்தது.

மூச்சுக் காற்றை வைத்து, உடம்பு சர்க்கரையை எரிக்கிறதா கொழுப்பை எரிக்கிறதா என்று சொல்லிவிடலாம். வேகமாக ஓடினால் சர்க்கரை. மெதுவாக, நெடுநேரம் என்றால் கொழுப்பு. எங்கள் பெண்களில் ஐந்து பேர் வேகமாக ஓடும்போதும் கொழுப்பையே எரித்தார்கள். லாக்டேட் ஏறவில்லை. சீக்கிரமே நின்றுபோனார்கள். ஆறாவது ஒருத்திக்கு மட்டும் எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி இருந்தது.

அந்த ஆறாவது பெண் பாளையங்கோட்டைக்காரி. அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார். மற்ற ஐந்து பேரும் ஆழ்வார்குறிச்சி, உவரி என்று சுற்று வட்டாரங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தவர்கள்.

எனக்குப் பளிச்சென்று பிடிபட்டது. தலைமுறை தலைமுறையாக வயலிலும் கடற்கரையிலும் நாள் முழுக்க வேலை செய்த குடும்பத்துப் பெண்கள் இவர்கள். இவர்களுடைய தசை மெதுவான, நெடுநேர உழைப்புக்குப் பழகியது. கொழுப்பை எரிக்கத் தெரிந்தது. வேகத்துக்கு ஏற்றதல்ல. நகரத்துப் பெண்ணின் தசை வேறு.

இதைக் கட்டுரையாக எழுதினேன். ஒரு கருத்தரங்கில் வாசித்தபோது வடக்கிலிருந்து வந்திருந்த மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். இந்த மண்ணின் உடம்பை இந்த மண்ணில் நின்று அளந்திருக்கிறீர்கள் என்றார். ரயிலில் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அந்தக் கட்டுரை நல்ல பத்திரிகை ஒன்றுக்குப் போனது. அடுத்து இணைப் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம் இருந்தது. துறையில் அதற்கு மேல் சிரிப்பதற்கு யாருக்கும் வாய் வரவில்லை.

நான் கவனமில்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு மாலை போட்டு விரதம் இருக்கிற பிள்ளைகள் எங்கள் பக்கம் அதிகம். ஒருவேளைச் சாப்பாடுதான் சாப்பிடுவார்கள். அவர்களைச் சோதனையில் சேர்க்கக் கூடாது என்று படிவத்தில் தனியாக ஒரு கேள்வி வைத்திருந்தேன். யாராவது காப்பு கட்டியிருக்கிறார்களா என்று கையைத் தூக்கிக் காட்டச் சொல்லியே பார்ப்பேன். அவ்வளவு கவனம்.

ஓர் இடம், இரண்டு பேர்

அந்த வருஷம் தசரா விடுமுறைக்கு முன்னால், பயிற்சியாளர் தங்கராஜ் சார் என் அறைக்கு வந்தார். விளையாட்டுத் திட்டத்தின் இடங்களை வருஷா வருஷம் புதிதாகப் பங்கிடுவார்கள்; அந்த முறை நடுத்தர ஓட்டத்துக்கு ஒரே ஓர் இடம்தான் மிச்சம். அந்த இடம் இருந்தால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். இல்லாவிட்டால் எதுவும் இல்லை. இசக்கிக்கும் பாளையங்கோட்டைப் பெண்ணுக்கும் நடுவில் அது ஊசலாடியது.

"கிரவுண்டுல ரெண்டும் ஒண்ணுபோல ஓடுது மேடம். எனக்கு ரெண்டும் என் பிள்ளைதான். உங்க மெஷின் சொல்லுததுதான் முடிவு" என்றார்.

இசக்கியின் அப்பா ஆழ்வார்குறிச்சியில் ஒரு மாவு மில்லில் வேலை பார்த்தார். இடம் போனால் அவள் படிப்பும் போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரக்கத்தைப் பார்த்து எண்ணை மாற்றி எழுதுகிறவள் அல்ல நான் என்று அப்போது எனக்கு ஒரு மிடுக்கு இருந்தது. முதலில் சொன்னேனே, அந்தக் காலைச் சோதனை இதற்காக நடந்ததுதான். பாளையங்கோட்டைப் பெண்ணுக்கு 'முழு முயற்சி' என்று எழுதினேன். இசக்கிக்கு என்ன எழுதினேன் என்று சொல்லிவிட்டேன். கட்டுரையில் உடம்பு வாகு என்று எழுதியதையே படிவத்தில் முயற்சிக் குறைவு என்று எழுதுகிறேனே என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு தாள்களையும் உறையில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டு, விடுமுறைக்குப் போனேன்.

நாலு மணிக்கு ஓடியபோது

விடுமுறை முடிந்து வந்தால் எங்கள் பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துக் கிடந்தது. அலுவலகம் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்திருந்தது. எங்களுக்குச் சாயங்காலம் நாலு மணிக்குமேல்தான் அதிலிருந்து இணைப்பு தர முடியும் என்றார்கள். சரி, நாலு மணிக்கே வையுங்கள் என்றேன்.

அன்று இசக்கி பதினாறு நிமிடம் ஓடினாள். முடிந்ததும் விரலில் குத்தினேன். லாக்டேட் எகிறியிருந்தது. மூச்சுக் காற்றில் கொழுப்பு எரிந்த அடையாளமே இல்லை. அடுத்தவளுக்கும் அப்படியே. விடுதிப் பெண்கள் ஐந்து பேருக்கும் அப்படியே. இரண்டு வருஷமாக நான் கண்டுபிடித்து வைத்திருந்த கிராமத்து உடம்பு ஒரே சாயங்காலத்தில் காணாமல் போயிருந்தது.

ஜெனரேட்டர் கரண்டில் எந்திரம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். பெண்களை அனுப்பிவிட்டு முத்தையா அண்ணாச்சியிடம் எரிந்து விழுந்தேன். எந்திரத்தை அளவு சரிபார்த்தீர்களா இல்லையா என்று.

அவர் முகமூடிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"மெஷினு நல்லாத்தான் இருக்கு மேடம். பிள்ளைய இப்பம் சாப்பிட்டுட்டு வருதுவ, அதான்."

"அப்பம் காலைல?"

"காலைல எங்கன சாப்பிட? மெஸ்ஸை ஏழரைக்குத் தொறந்து எட்டரைக்கு அடச்சிருவாவ. நீங்க ஏழு மணிக்கு இங்கன வந்து உக்காரச் சொல்லுதிய. முடிஞ்சு போவையில ஒம்பதரை ஆயிருது. பொறவு மத்தியானம் ஒரு மணிக்குத்தான் அதுகளுக்குச் சோறு."

"நான் ஒவ்வொருத்திகிட்டயும் கேட்டுத்தானே டிக் போட்டேன்? எல்லாரும் ஆச்சுன்னு சொன்னாளுவளே."

"கேட்டா ஆச்சுன்னுதான மேடம் சொல்லும்? இல்லன்னு சொன்னா உங்களை வாங்கிக் குடுக்கச் சொல்லுத மாதிரில்லா ஆயிரும். நீங்க பெரிய மனுசி. அதுகளுக்குக் கூச்சம் இருக்காதா?"

"இதை ஏன் எங்கிட்ட முன்னாலயே சொல்லல?"

அப்போதுதான் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். வெறும் வயித்துல ஓடவிட்டுப் பாக்குததுதான் ஆராய்ச்சி போலன்னு இருந்துட்டேன்."

இசக்கி ஷூ மாட்டுகிற ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பசித்த உடம்பில் எரிக்கச் சர்க்கரை இருக்காது. முந்தின சாயங்காலம் மைதானத்தில் ஓடியே பாதி தீர்ந்திருக்கும். இருக்கிற கொழுப்பைத்தான் எரிக்கும். லாக்டேட் ஏறாது, சீக்கிரம் நின்றுபோகும். இது இரண்டாம் வருஷப் பாடம். என் வகுப்பில் இந்தக் கேள்விக்குத் தப்பாகப் பதில் எழுதியவர்களை நான் திட்டியிருக்கிறேன்.

பாளையங்கோட்டைப் பெண் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தாள். அவ்வளவுதான் நகரத்துத் தசை.

நான் யாரோ வெளியூர்க்காரி இல்லை. அடுத்தவர் வீட்டு வாசலில் கால் வைக்கும் முன்னால், 'சாப்பிடச் சொன்னா இப்பத்தான் சாப்பிட்டு வாரோம்னு சொல்லணும், என்ன' என்று அம்மா என் தோளைப் பிடித்துச் சொல்லித்தான் வளர்த்தாள். பசியோடு எத்தனை வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆங்கிலப் படிவத்தில் அந்தக் கேள்வி, கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டாய், எவ்வளவு என்று நீளமாக இருந்தது. அதைத் தமிழாக்கி, வாய்க்கு வசதியாகச் சுருக்கியது நான். நம் ஊரில் யாரும் நிஜம் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கே தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்டு, இரண்டு வருஷம் டிக் போட்டிருக்கிறேன்.

ஒன்பது நாள்

அந்த ஓர் இடத்தை முடிவு செய்கிற தேர்வுக் குழு கூட இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

தங்கராஜ் சாரின் அறை என் அறையிலிருந்து நாற்பது அடி இருக்கும். எழுந்து போய், 'சார், என் ரிப்போர்ட் தப்பு, பிள்ளை பசியோடு ஓடியிருக்கிறது, இன்னொரு தடவை பார்க்கலாம்' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. நான் போகவில்லை.

ஒரு சாயங்காலத்துச் சோதனையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது, இன்னும் சில தடவை பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அறிவியலில் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் 'முழு முயற்சி இல்லை' என்று எழுத எனக்கு ஒரு காலைதான் தேவைப்பட்டது.

உண்மை இதுதான். அந்த வாரம் பத்திரிகையிலிருந்து கட்டுரை ஏற்கப்பட்டது என்று கடிதம் வந்திருந்தது. அடுத்த மாதம் நேர்முகம். இசக்கியின் ஒரு தாளைத் தப்பு என்று சொன்னால், அதே காலையில், அதே பெண்களை வைத்து அளந்த எல்லாத் தாளும் தப்பு. எனக்குப் பயமாக இருந்தது. சிரித்தவர்கள் மறுபடி சிரிப்பார்கள் என்கிற பயம். அந்த அறையில் திரும்பவும் உடைந்த கம்புகளைப் போட்டுவிடுவார்கள் என்கிற பயம்.

குழுவில் நானும் ஓர் உறுப்பினர். நீள மேசை, பிஸ்கட், டீ. தங்கராஜ் சார் இரண்டு பெண்களின் ஓட்ட நேரங்களைப் படித்தார். பிறகு என் வரியைப் படித்தார்.

"இதை இன்னொரு தடவை பாத்துட்டு முடிவு செய்யலாமா?" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தங்கராஜ் சார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் நம்பிக்கைதான் இருந்தது, கிண்டல் இல்லை. அவருக்கும் இசக்கியை விட மனமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

"என்ன மேடம், மெஷின்ல எதும் கோளாறா?"

எந்திரத்தில் கோளாறு இல்லை. கோளாறு என்னிடம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. மேசையைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே "இல்ல" என்றேன்.

"அப்பம் சரி" என்று அவர் தாளைத் திருப்பினார்.

இரண்டு நாள் கழித்து இசக்கி என் அறைக்கு வந்தாள். விடுதியை விட்டுப் போகிறவர்கள் ஒவ்வொரு துறையிலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஆய்வகத்துப் பொருள் எதுவும் இவளிடம் இல்லை என்று நான் எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தேன். ஊரிலிருந்து தினமும் ரயிலில் வந்து படிக்கலாமே என்றேன். "அப்பா போதும்னுட்டாவ மேடம்" என்றாள். மேற்கொண்டு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.

வாழைப்பழமும் பன்னும்

அதற்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் சோதனைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு வாழைப்பழமும் ஒரு பன்னும் கொடுத்து, தின்று முடிப்பதை நின்று பார்த்துவிட்டுத்தான் நேரம் குறித்தோம். அண்ணாச்சி வரும் வழியில் வண்ணார்பேட்டையில் வாங்கிக்கொண்டு வருவார். ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்த கட்டுரைகளில் 'உணவு சீராக்கப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்தேன். ஏன் என்று எழுதவில்லை.

கிராமத்து உடம்புக் கட்டுரை மட்டும் தன் பாட்டுக்கு வாழ்ந்தது. இணைப் பேராசிரியர் ஆனேன், பேராசிரியர் ஆனேன், துறைத் தலைவர் ஆனேன். அறிமுகம் செய்து வைக்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கட்டுரையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். மேடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். வேறெங்கோ உள்ள மாணவர்கள் அதை மேற்கோள் காட்டி, கிராமத்துப் பெண்களை வேக ஓட்டத்தில் விடுவது வீண் என்கிற அளவுக்கு எழுதியிருக்கிறார்கள். ஓய்வு பெற்றபோது போர்த்திய சால்வைகளை எண்ணினால் பீரோவில் ஒரு தட்டு வரும்.

அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், காரணம் இது என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். சென்ற வருஷம்தான் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. மனசாட்சி உறுத்தி எழுதினேன் என்று சொன்னால் பொய். நடந்தது வேறு.

ஆழ்வார்குறிச்சியில்

அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி அறுநூறு மீட்டரில் மற்றவர்களை அரைச் சுற்றுப் பின்னால் விட்டுவிட்டு ஓடி வந்தாள். கடைசி வளைவில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஓடிய விதத்தை எங்கோ பார்த்ததுபோல் இருந்தது.

விழா முடிந்ததும் உடற்கல்வி ஆசிரியை ஒரு தாளோடு வந்தார். மாவட்டப் போட்டிக்கு அனுப்பலாம் என்றால் அந்தப் பெண்ணின் அம்மா சம்மதக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாராம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார் என்று கூட்டி வந்தார்.

"மேடம், நல்லா இருக்கியளா? என்னைத் தெரியுதா? இசக்கி."

தடித்திருந்தாள். பீடி சுற்றுகிறவர்களுக்கு இருப்பதுபோல் விரல் நுனியெல்லாம் பழுப்பு. என்னைப் பார்த்ததில் அவளுக்கு நிஜமான சந்தோஷம். மகளை இழுத்து, "மேடத்துக்கு வணக்கம் சொல்லு" என்றாள்.

பிள்ளையை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன்.

"ஓடுதா மேடம், நல்லாத்தான் ஓடுதா. இங்கன ஓடுனா சரி. அதுக்கு மேல நமக்கு வராது. நீங்கதான மெஷின்ல பாத்திய. கிராமத்துப் பிள்ளையளுக்கு உடம்பு வாகு வேற, வேகம் வராதுன்னு நீங்க எழுதுனதைத் தங்கராஜ் சார் படிச்சுச் சொன்னாவ. எனக்கு மனசுல, நாம உசுரைக் குடுத்துத்தான ஓடுனோம்னு இருந்துச்சு. ஆனா மெஷினு பொய் சொல்லுமா? நாந்தான் எங்கயோ மிச்சம் வச்சுட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன். இவளுக்கும் என் உடம்புதான மேடம். ஆசைப்பட்டுப் போயி அங்கன நின்னு அழக் கூடாதுலா."

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் ஏதாவது ஊக்கமாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார். அந்தச் சிறுமி சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

நான் சொன்னேன். காலைச் சோதனை, மெஸ் நேரம், வெறும் வயிறு, நாலு மணிக்கு அவளே ஓடிய பதினாறு நிமிடம். நீ முழுசாகத்தான் ஓடினாய், உன் உடம்பில் ஒரு குறையும் இல்லை, தப்பு என்னுடையது என்றேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன்.

இசக்கி கொஞ்ச நேரம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எப்பம் மேடம் தெரியும்?"

"நீ விடுதியில இருக்கும்போதே தெரியும். லிஸ்ட் போடுததுக்கு முன்னால."

அவள் ஆசிரியையின் கையிலிருந்து தாளை வாங்கினாள். சுவரில் வைத்து, பேரை முழுசாக எழுதினாள். எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்து, ஆசிரியையிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னைக்கு, எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரணும் டீச்சர்?" என்று அவரிடம் கேட்டாள். அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். மகளின் பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"நடட்டி" என்று மகளிடம் சொன்னாள்.

இருவரும் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இசக்கி என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனாள்.